தம்பியின் காருக்குப் புது ரேடியேட்டர்

கோவையை அடுத்த சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தின் முன்பாதியில் தறிகள் ஓடின. பின்பாதியில், பழைய தறிகளைக் கழற்றி எடுத்துவிட்ட இடத்தில், தம்பியின் கார் நின்றது. நடுவில் சுவர் இல்லை. பஞ்சுத் தூசி காருக்கு வராமலிருக்க ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தம்பி. தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இருவருக்கும் அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கார் பார்வைக்குச் சாதாரணம். எந்தத் தெருவிலும் நிற்கக்கூடிய நாலு கதவுக் காரின் பழைய மாடல். வெள்ளை நிறம், ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளை. உள்ளே பின்னிருக்கை கிடையாது. அந்த இடத்தில் இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு இருந்தது. இஞ்சினைத் தம்பி தன் கையால் பிரித்து, பிஸ்டன்களை மாற்றி, கூடுதல் சக்திக்காக டர்போ பொருத்தியிருந்தான். பந்தயத் தடத்தில் நடக்கும் நேரப் போட்டிக்காகச் செய்த வண்டி அது. நேரப் போட்டியில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. இடைவெளி விட்டுத் தனித்தனியாக ஓடும். ஒரு சுற்றை எவ்வளவு விரைவாக முடிக்கிறது என்று அளப்பார்கள்.

அந்த இடத்தைக் கொடுக்கும்போதே அப்பா ஒரு கெடுவும் வைத்திருந்தார். நான் அருகில் இருந்தேன். கோபமாகச் சொல்லவில்லை.

"இந்த வருசம் பாத்துக்க, கண்ணு. ஒரு சோலியா ஆச்சுன்னா நல்லதாப் போச்சு. இல்லீன்னா அந்தப் பக்கமும் தறி போட்டுப்போடலாம். என்னால ரெண்டு பக்கமும் நிக்க முடியாது. நீ வந்து நில்லு."

"சரிங்கப்பா" என்றான் தம்பி.

சோலியாக, ஒரு பிழைப்பாக, ஆவதற்கு ஒரு வழி அந்த வருடமே வந்தது. சென்னையில் பந்தயக் கார்களைத் தயார் செய்துகொடுக்கும் பட்டறை வைத்திருந்த ஒருவர், கோவையில் ஒரு கிளை திறப்பதாக இருந்தார். அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் தேடினார். தம்பியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சீசன் கடைசிப் போட்டிக்கு நானே வர்றேன். உங்க வண்டி நாள் முழுக்க நிக்காம ஓடுதான்னு பார்ப்போம். ஓடிச்சுன்னா உட்கார்ந்து பேசுவோம்" என்று போனில் சொன்னார். தம்பி அதை முதலில் அக்காவான என்னிடம்தான் சொன்னான். கோவை ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டே சொன்னான். உள்ளே வந்து உட்காரவும் பொறுமை இல்லை. தறிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க அவனுக்கு வேறு வழி எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

நாள் முழுக்க ஓடுவதுதான் அந்தக் காரால் முடியாமல் இருந்தது. முதல் சில சுற்றுகள் நன்றாகப் போகும். பிறகு வெப்பத்தைக் காட்டும் முள் ஏறத் தொடங்கும். தம்பி வேகத்தைக் குறைத்து மெதுவாக ஒரு சுற்று வந்து, ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு நிற்பான். டர்போ வைத்த இஞ்சின் உண்டாக்கும் சூடு அதிகம். அந்தச் சூட்டைத் தண்ணீரிலிருந்து வாங்கிக் காற்றில் விட வேண்டிய ரேடியேட்டரோ, கார் புதிதாக வந்தபோது இருந்த அதே மெல்லிய ரேடியேட்டர். கோவைக்குள் உக்கடத்துக்கும் காந்திபுரத்துக்கும் போய்வர அது போதும்.

புதியதை வெளியூரிலிருந்து வரவழைத்தான். முழுக்க அலுமினியம், பழையதைப் போல இரண்டு மடங்கு தடிமன். மேலும் கீழும் இருந்த பிளாஸ்டிக் தொட்டிகளுக்குப் பதிலாக இதில் பற்றவைத்த அலுமினியத் தொட்டிகள். பின்னால் இரண்டு மின்விசிறிகள். அதை வண்டியில் உட்கார வைப்பதற்கு உக்கடத்தில் ரேடியேட்டர் கடை வைத்திருந்த பாய் வந்தார். தம்பியைவிட சில வயது மூத்தவர். லாரி ரேடியேட்டர்கள்தான் அவருடைய பிழைப்பு. தம்பியோடு சேர்ந்து பந்தயம் பார்க்கப் போய் அந்தப் பித்து அவருக்கும் பிடித்திருந்தது.

பெட்டியைப் பிரித்ததும் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன் மாப்ள, இது காருக்கா? இல்ல, கல்யாண மண்டபத்துக்கு ஏசி போடறியா?"

"வெல்டிங் மட்டும் நீங்க வெச்சாப் போதுங்க பாய்."

"வெக்கறேன். ஆனா மூஞ்சிய அறுக்கணும். முன்னாடி சட்டத்த அறுக்காம இது உக்காராது. அறுத்தப்புறம் நீ அழுதீன்னா என்கிட்ட கர்ச்சீப் கூட இல்ல."

"அறுங்க."

அறுத்தார்கள். காரின் முன்புறச் சட்டத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, கீழே புதிய தாங்கிகளை வைத்து, அதிர்வு தாங்க ரப்பர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த வேலை எனக்குப் புதியது. ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடைவெளிகளை எல்லாம் அலுமினியத் தகடு வெட்டி அடைத்தார்கள். ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று, சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் போய்விடுமாம். தம்பி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மின்விசிறியை ஓடவிட்டு, புகை எந்தச் சந்தில் போகிறது என்று குனிந்து பார்த்தான். வார விடுமுறைகளில் பத்திரிகை அலுவலகத்தை மறந்துவிட்டு சூலூருக்கு வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு நாள் முழுக்க அவன் அந்த ஊதுபத்தியோடு இருந்ததைப் பார்த்தேன்.

பிறகு தண்ணீர். சாலையில் ஓடும் கார்களில் ஊற்றும் பச்சை நிறக் கூலன்டைப் பந்தயத் தடத்தில் அனுமதிப்பதில்லை. தரையில் சிந்தினால் வழுக்கும், பின்னால் வரும் வண்டி சறுக்கும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரில், துரு பிடிக்காமலிருக்க ஒரு மருந்தைக் கொஞ்சம் கலந்து ஊற்றினான். பார்ப்பதற்குச் சாதாரணத் தண்ணீர் போலத்தான் இருந்தது.

அப்பா தார்ப்பாயை விலக்கிக்கொண்டு நின்றார்.

"கேன்ல என்னது?"

"பேட்டரித் தண்ணிங்கப்பா. உப்பு இருக்காது."

"கார் குடிக்கறதுக்கா?"

"ஆமாங்."

"மாடு கண்ணுலேருந்து மனுசன் வரைக்கும் இங்க எல்லாத்துக்கும் போர் தண்ணி. இதுக்கு வந்த யோகத்தப் பாரு."

பாய் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அப்பா தறிப் பக்கம் போய்விட்டார். அந்தக் காரைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

தண்ணீர் ஊற்றியதோடு வேலை முடியவில்லை. உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இதுவும் அதுதான். ஆனால் இந்த இஞ்சினில் காற்று போய் நிற்பதற்கு உயரமான மூலைகள் அதிகம். கூடத்தின் வாசல் சரிவில் காரின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே நின்றான். குமிழ் வந்தது. தண்ணீர் இறங்கியது. மறுபடி ஊற்றினான். மறுபடி குமிழ்.

"இன்னும் எத்தனை நேரம்டா?" என்றேன்.

"கடைசிக் குமிழி வர்ற வரைக்கும்க்கா. ஏர் உள்ள நின்னுட்டா முள்ளே பொய் சொல்லும். அந்த சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் நெசத்தக் காட்டும். ஏர்ல இருந்துச்சுன்னா வண்டி வேகும், முள்ளு பாட்டுக்கு சும்மா நிக்கும்."

முதல் ஓட்டம் அவிநாசி சாலைப் பக்கம். என்னையும் ஏற்றிக்கொண்டான். பின்னிருக்கை இல்லாத காரில் பேச்சு கேட்காது. அவன் விரலால் முள்ளைக் காட்டிக்கொண்டே வந்தான். எவ்வளவு அழுத்தினாலும் அது இருந்த இடத்தில் இருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்பும் பிறகும் நான் பார்க்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அந்த நிம்மதி கொஞ்சம் குறைந்தது. ஓட்டிப் பார்க்கும்போது முள் முன்பைவிடச் சற்றே மேலே நின்றது. வெயில் கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டான். அதைவிட அவனைக் குழப்பியது வேறொன்று. எடுத்த காற்று திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தது. சரிவில் ஏற்றி மூடியைத் திறந்தால் மறுபடி குமிழ். ஏதோ ஒரு இணைப்பு காற்றை இழுக்கிறது என்று பாயும் அவனும் முடிவு செய்தார்கள். கிளாம்ப்புகளை எல்லாம் மாற்றினார்கள். ஒரு ஹோஸையும் மாற்றினார்கள்.

"மாப்ள, இந்த வண்டிக்கு வாயுக் கோளாறு. பூண்டு ரசம் வெச்சு ஊத்து" என்றார் பாய்.

போட்டிக்கு முந்தைய நாள் மறுபடி முழுக்கக் காற்றெடுத்தான். நான் இரவு தங்குவதற்காக வந்திருந்தேன். சரிவிலிருந்து காரை இறக்கும்போது, இனி காற்றெடுக்கும் வேலை இல்லை என்றான். காலையில் இஞ்சினை எழுப்பாமல் அப்படியே லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

காலையில் கூடத்துக்குப் போனபோது கார் கழுவப்பட்டிருந்தது. பானெட்டில் சந்தனமும் குங்குமமும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. உடைத்த தேங்காய் இரண்டு பக்கமும் கிடந்தது. காரின் மூக்குக்குக் கீழே தரை நன்றாக ஈரமாக இருந்தது. அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

"கோயலுக்குப் போற வண்டியே குளிச்சுட்டுத்தான் போகுது" என்றார் அப்பா. "நல்லபடியாப் போயிட்டு வா."

அதுவரை அவர் காரைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. தம்பி குனிந்து அவர் காலைத் தொட்டான். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் தவிர அது நடப்பதில்லை. அம்மா வாசலிலேயே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். லாரியில் ஏற்றும்போது நேரமாகிவிட்டது என்று பாய் கத்திக்கொண்டிருந்தார்.

தடத்தில் தம்பி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தான். கழுத்து வரை தண்ணீர் நின்றது. மூடினான்.

காலை ஓட்டம் குறுகியது. எல்லோரும் டயரைச் சூடாக்கிக்கொண்டு வரும் ஓட்டம். தம்பி நல்ல நேரத்தோடு திரும்பினான். அவன் பிரிவில் முன்வரிசையில் இருந்தான். சென்னைக்காரர் வந்து கைகொடுத்தார். வெயிலுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட, குரல் உயர்த்தாத மனிதர். பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். தகடு அடைத்திருந்த விதத்தைக் குனிந்து பார்த்தார்.

"நீட்டா பண்ணியிருக்கீங்க பிரதர். டெம்பரேச்சர் எப்படி?"

"ஏறவே இல்லீங்க."

உண்மைதான். முள் ஏறவே இல்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழேதான் நின்றது. அதைப் பார்த்துத் தம்பி சந்தோஷப்பட்டான்.

மதிய ஓட்டம் நீண்டது. நானும் பாயும் கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றோம். கார் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் பாய் நேரத்தைத் தன் போனில் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடக் குறைவு. பிறகு ஒரு சுற்றில் எங்களைக் கடக்கும்போது சத்தம் மாறியிருந்தது. தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல இருந்தது. பாய் போனை இறக்கினார்.

"நிறுத்துடா" என்றார். தம்பிக்குக் கேட்காது.

மறுமுனைத் திருப்பத்தில் வெள்ளைப் புகை எழுந்தது. கார் தடத்தை விட்டு மணலில் இறங்கி நின்றது. தம்பி வெளியே குதித்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே பானெட்டை நோக்கி ஓடி, திறக்காமல் நின்றான். ஆவி பக்கவாட்டில் சீறிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது, இக்னிஷனைப் போட்டால் முள் இன்னும் அதே இடத்தில் நிற்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். இஞ்சினுக்குப் பக்கத்தில் கையை வைக்க முடியவில்லை.

சென்னைக்காரர் தம்பியிடம் மரியாதையாகத்தான் பேசினார். "இதெல்லாம் நடக்கறதுதான் பிரதர். மனசை விட்டுடாதீங்க." பிறகு நிழலுக்குப் போய்த் தன்னோடு வந்தவரிடம் பேசினார். நான் தண்ணீர் பாட்டிலுக்காக அந்தப் பக்கம் நின்றேன்.

"ரேடியேட்டர் பெரிசா போட்டிருக்கான். ஆனா ஒழுங்கா ஏர் கூட எடுக்கலை. அடிப்படை அது. நாளைக்குக் கஸ்டமர் வண்டியை இந்தக் கையில எப்படிக் குடுக்கறது?"

தம்பிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். லாரியில் ஏற்றிய காருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

மறுநாள் இஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றினார்கள். அந்த மேல்பாகமான ஹெட் வளைந்து, இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்டிருந்தது. ஒரு பிஸ்டன் ஓரத்தில் உருகியிருந்தது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ரேடியேட்டரில் இருந்தது. காயாத சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஏதோ தண்ணீர் ஊற்றும் வாயில் ஒட்டியிருப்பதைப் பார்த்து, பாய் அதன் மேல் தொட்டியை அறுத்துத் திறந்தார். புத்தம் புதிய குழாய்களின் வாய்களில் வெள்ளைப் படிவு. சில குழாய்கள் பாதி அடைந்திருந்தன.

"பேட்டரித் தண்ணில இது வராதே" என்றார் பாய். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு, மாப்ள."

மருந்துப் பாட்டிலில் கலப்படமா, கேன் தண்ணீரே மோசடியா என்று இருவரும் அன்று முழுக்கப் பேசினார்கள். கடைக்காரனைப் போய்க் கேட்பதாகப் பாய் கிளம்பினார். தம்பி நாளைக்குப் பார்க்கலாம் என்று நிறுத்தினான்.

பொழுது சாய்ந்ததும் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். விஷயம் கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்கிற தோரணையில் வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் வேறு தோரணைக்கு மாறிவிட்டார்.

"இஞ்சின்ல அத்தனை குதிரை சக்தி, இத்தனை குதிரை சக்தின்னு சொன்னீங்க மாப்ள. எல்லாக் குதிரையும் தண்ணி இல்லாமச் செத்துப்போச்சாமே?"

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குச் சுருக்கென்று பட்டது.

"தண்ணி இல்லாமெல்லாம் போகல, மச்சான். தெரியாமப் பேசாதீங்க" என்றார். "தண்ணி நான் ஊத்துனேன்."

மாமா கையிலிருந்த கவளத்தை நிறுத்தினார்.

"எட்டு நாளைக்கு ஒருக்கா நான்தான் மாத்தி ஊத்துவன். காலைல தறி போடப் போறப்ப. அடியில திருகு இருக்குது, அதத் தொறந்தா பழசு எறங்கிப்போகும். பய அதுல என்னத்தையோ கலந்து வெச்சிருந்தான், மருந்து வாசம் அடிச்சுது. அத எறக்கிப்போட்டு, நம்ம போர் தண்ணி புதுசா, கழுத்து வரைக்கும் ஊத்தி மூடிருவன். கெணத்து ஆயில் இஞ்சினுக்கு, டிராக்டருக்கு எல்லாம் அப்படித்தான வெச்சிருந்தம்? நின்ன தண்ணி சூட்ட வாங்காது. நேத்துக் காலைலகூட ரெண்டு வாளி ஊத்தித்தான் அனுப்புனன். அதுனால தண்ணி பத்தாமப் போச்சுன்னு மட்டும் எவனும் என்ற பையனச் சொல்லக்கூடாது."

மகனுக்காகச் சாட்சி சொல்லிவிட்ட திருப்தியோடு அவர் ரசத்துக்குக் கையை நீட்டினார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் அப்பாவைப் பார்த்தான். சோற்றில் வைத்திருந்த விரல்கள் அசையவில்லை. அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும்: வாரா வாரம் திரும்பி வந்த குமிழ்கள், ஏறிக்கொண்டே போன முள், வெள்ளைப் படிவு, காலையில் ஈரமாக இருந்த தரை. தண்ணீரை இறக்கி மறுபடி ஊற்றினால் காற்றும் கூடவே உள்ளே போகும். அதை எடுக்காமல் வண்டி தடத்துக்குப் போயிருக்கிறது.

"ஆமாங்கப்பா" என்றான் தம்பி. குரல் சாதாரணமாக இருந்தது. "நான் மூடியத் தொறந்து பாத்தனே. நெறஞ்சுதான் இருந்துச்சு."

"பாருங்க" என்றார் அப்பா மாமாவிடம்.

விஷயத்தைத் தம்பி பாயிடம் சொன்னான். தார்ப்பாய்க்குப் பின்னால், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, காதுக்குள் வாயை வைத்துச் சொன்னான். பாய் அறுத்துத் திறந்த ரேடியேட்டர் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, தம்பியைக் கூடத்துக்கு வெளியே தென்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நானும் போனேன்.

"இப்பவே அந்தாளுக்குப் போன் போடு. நடந்தது இதுதாங்கன்னு சொல்லு. உன் வேலையில குத்தம் இல்லைன்னு தெரிஞ்சாப் போதும். அவரும் மனுசன்தானே?"

"வேண்டாங்க பாய்."

"ஏன்டா?"

"இந்த ஊர்ல கார் ஓட்டறவன் எத்தனை பேரு? காலைல அவர்கிட்ட சொன்னா, பொழுதோட எல்லாத்துக்கும் தெரியும். எவனாச்சும் ஒருத்தன் தறிக்குத் துணி வாங்க வருவான். அப்பாகிட்ட சிரிச்சுட்டே கேப்பான்."

"கேக்கட்டுமே. அவரு தெரிஞ்சா செஞ்சாரு?"

"அதான் சொல்றன். தெரிஞ்சு செஞ்சிருந்தாச் சொல்லிரலாம்."

பாய் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கக்கா. படிச்சவங்க."

பாய் சொன்னதும் சரி. தம்பி சொன்னதும் சரி. சென்னைக்காரரின் எண் தம்பியின் போனில் இருந்தது. அவன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் சென்னைக்காரர் வேறொருவரை வைத்துக் கிளையைத் திறந்தார். தம்பியிடம் தங்கள் கார்களை வேலைக்கு விட்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். சூடாக்கி இஞ்சினைக் கொன்றவன் என்ற பேர் எப்படிப் பரவியது என்று தெரியாது; பரவியது. உடைந்த இஞ்சினோடு காரைத் திருப்பூர்க்காரர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். தார்ப்பாயை அவிழ்த்து மடித்தார்கள். தரையில் எண்ணெய் படிந்த இடத்தைத் தேங்காய் மட்டையால் அம்மா தேய்த்தாள். முழுக்கப் போகவில்லை.

புதிய தறிகள் வந்து இறங்கிய நாளில் நான் அங்கே இருந்தேன். அப்பாவும் தம்பியும் ஒரு தறியின் அடிச்சட்டத்தை மட்டம் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தறிகள் நிறுத்தப்பட்டிருந்ததால் கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் அப்பா கேட்டார். பல நாளாகக் கேட்க நினைத்திருப்பார்.

"எங்கதான் கண்ணு தப்புப் பண்ணுன? அத மட்டும் சொல்லு. எனக்கு ஒறக்கமே வரமாட்டீங்குது."

தம்பி ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"ஏர் எடுக்காம உட்டுட்டனுங்கப்பா."

அப்பா நிமிர்ந்தார்.

"ஏரா?"

"ஆமாங். உள்ள ஏர் நின்னுருச்சு. நான் பாக்கல."

"மோட்டாருக்கே ஏர் எடுத்துப்போட்டுத்தான ஓட்டறம்? கெணத்துக்கட்டுல பொறந்த பையனுக்கு இதக்கூடவா சொல்லித் தரணும்?" சத்தம் போடவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அவசரம். உனக்கு எப்பவும் அவசரம். நான் அவ்வளவு பாடுபட்டுத் தண்ணி ஊத்தி வெச்சும்..."

"தப்புத்தானுங்கப்பா."

"போச்சு, உடு. இனி வெசனப்பட்டு என்ன ஆகுது? இங்கயாச்சும் நெதானமாச் செய்யி."

நான் இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுபோயிருந்தேன். டம்ளர்களைச் சுவரோரம் வைத்தேன். தம்பி சட்டத்தின் ஒரு முனையிலிருந்து போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டே போனான். ஒவ்வொன்றையும் முழு பலத்தோடு, முகம் சிவக்க முடுக்கினான். அவனுக்குப் பின்னால் அப்பா இன்னொரு ஸ்பேனரோடு வந்து, அவன் முடுக்கிய ஒவ்வொன்றையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.